அயர்லாந்தில் மழைக்காலம் எந்த மாதம்?

தனியாக மழைக்காலம் என்று அங்கே ஒன்று கிடையாது, பன்னிரண்டு மாதமும் பெய்யும். மாதத்தைவிட ஊரைப் பார்ப்பதுதான் முக்கியம்.

அட்லாண்டிக்கிலிருந்து ஈரத்தைச் சுமந்து வரும் தென்மேற்குக் காற்று மேற்குக் கரையிலுள்ள கெர்ரி, மேயோ மாவட்ட மலைகளில் மோதி மேலேறும்போது குளிர்ந்து, பெரும்பகுதியை அங்கேயே கொட்டிவிடுகிறது. அந்த உயரங்களில் ஆண்டு மழை 2000 மி.மீ.யைத் தாண்டும். மலைகளுக்கு மறைவில், கிழக்குக் கரையில் இருக்கும் டப்ளினுக்குக் கிடைப்பது சுமார் 750 மி.மீ. மட்டுமே. அதுவும் ஒரேயடியாகக் கொட்டாது. சின்னத் தூறலாக ஆண்டில் பாதி நாள் வரை இழுக்கும். அலுப்பு தட்டுவது அளவால் அல்ல, இந்த இழுப்பால்தான்.

கடல் வெதுவெதுப்பாக இருப்பதால் குளிர் கடுமையில்லை: ஜனவரி சராசரி சுமார் 5 டிகிரி, ஜூலை 15. ஆனால் காற்றடித்தால் 5 டிகிரியே எலும்பைத் துளைக்கும். குடை வேண்டாம், மேற்குக் கரைக் காற்றில் கம்பி மடங்கிவிடும். தலைமூடியுள்ள மழைக்கோட்டும், அடியில் கழற்றிப் போட வசதியாக இரண்டு மெல்லிய ஆடைகளும் போதும்.

வெயில் வேண்டுமென்றால் மே, ஜூனில் போங்கள். குளிர்காலப் புயல்களுக்கு வானிலைத் துறையான மெட் ஏரன் மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு எச்சரிக்கை விடும். சிவப்பு என்றால் வெளியே கிளம்பாதீர்கள்.