ஓலையைத் திருப்பிப் பார்த்துவிட்டு மருந்தடியுங்கள்

தென்னையில சுருள் வெள்ளை ஈ. ஓலையெல்லாம் கரி பூத்துக் கெடக்குது. வேப்பெண்ணெய் இயற்கைதானுங்களே, மாசம் ரெண்டு தடவை அடிச்சா என்னங்க? (பொள்ளாச்சி)

அடிமட்டை ஒன்றை வெட்டி, ஓலையின் அடிப்பக்கத்தை லென்சில் பாருங்கள். மெழுகுச் சுருளுக்கு நடுவில் குஞ்சுகளின் ஓடு கறுத்திருந்தால், உள்ளே வெள்ளை ஈயின் குஞ்சைத் தின்று அழிக்கும் என்கார்சியா குளவி வளர்கிறது. காலி ஓட்டில் வட்டத் துளை இருந்தால் குளவி வெளியேறிவிட்டது. ஆங்கில 'T' எழுத்துப் போலக் கிழிந்திருந்தால் வெளியே வந்தது ஈ.

2016-ல் பொள்ளாச்சித் தோப்புகளில் இந்த ஈ தென்பட்டது. யாரும் கொண்டுவந்து விடாமலே அதன் பின்னால் இந்தக் குளவியும் வந்து சேர்ந்தது. கறுத்த ஓடு நிறையத் தெரிகிற தோப்பில் எதையும் அடிக்காதீர்கள். வேப்பெண்ணெயும் மருந்துதான், அடிக்கடி நனைத்தால் குளவிக்கும் கேடு. ஏக்கருக்கு 8 மஞ்சள் ஒட்டுப்பொறி, 5 அடிக்கு 1.5 அடி அளவில், விளக்கெண்ணெய் தடவிக் கட்டுங்கள். குளவியே இல்லாத தோப்புக்கு, கறுத்த ஓடுள்ள ஓலைத் துண்டுகளை வேறு தோப்பிலிருந்து கொண்டுவந்து கட்டலாம். கரிக்கு லிட்டருக்கு 25 கிராம் மைதாவைக் கஞ்சியாகக் காய்ச்சி ஆறவைத்துத் தெளித்தால், வெயிலில் காய்ந்து கரியோடு உரிந்து விழும்.

இயற்கை விவசாயம்னு மஞ்சள் காட்டுல கையே வைக்கல, ஜீவாமிர்தம் மட்டும் பாய்ச்சறேன். தூரு அழுகுதுங்க. (கோபி)

இங்கே கை வைத்தே ஆகவேண்டும். அழுகலுக்குக் காரணமான பித்தியம் என்ற பூஞ்சை போன்ற நுண்ணுயிரின் வித்துகள் தண்ணீரில் நீந்தி அடுத்த தூருக்குப் போகும். ஈரம் நிற்கிற பாத்தியில் ஜீவாமிர்தம் என்ற சாணி, கோமியக் கரைசலை ஊற்றினால் ஈரந்தான் கூடும். முதலில் வடிகால் வெட்டுங்கள். தண்டின் அடி மெத்தென்று நீர்கோத்து, இழுத்தால் கையோடு வரும் தூர்களைச் சுற்று மண்ணோடு அள்ளி, காட்டுக்கு வெளியே போட்டுவிடுங்கள். அந்தக் குழி வழியாகத் தண்ணீர் அடுத்த பாருக்குப் போகக்கூடாது. நோய்ப் பூஞ்சையை அடக்கும் நல்ல பூஞ்சையான டிரைக்கோடெர்மா விரிடி 1 கிலோவை 100 கிலோ மக்கிய தொழு உரத்தில் கலந்து, நிழலில் ஈரம் காயாமல் 10 நாள் வைத்திருந்து தூரைச் சுற்றிப் போடுங்கள். அழுகிய தூர் அதனால் பிழைக்காது. பக்கத்துத் தூரைக் காக்கத்தான் அது. இந்தக் காட்டிலிருந்து விதை மஞ்சள் எடுக்கவே வேண்டாம்.

கொம்புச் சாண உரத்தைத் தோண்டினா பச்சைச் சாணியாவே நாறுதுங்க. (காங்கயம்)

குழியில் தண்ணீர் நின்றிருக்கிறது. பசுக் கொம்பில் சாணியை அடைத்துப் புதைத்து எடுக்கும் இந்த முறையை ஆஸ்திரியச் சிந்தனையாளர் ரூடால்ஃப் ஸ்டெய்னர் 1924-ல் சொன்னது ஐரோப்பாவின் குளிர்காலத்தை வைத்து. நாம் புதைக்கிற ஐப்பசியோ அடைமழைக் காலம். மேட்டில் ஒன்றரை அடிக் குழி போதும். கொம்பின் வாய் கீழ்நோக்கி இருக்கட்டும். பங்குனியில் எடுக்கும்போது கறுத்து, காட்டு மண் வாசம் வரவேண்டும். ஏக்கருக்கு 25 கிராமை 13 லிட்டர் தண்ணீரில் ஒரு மணி நேரம் இடமும் வலமும் மாற்றிச் சுழற்றி, சாயங்காலம் தெளிப்பார்கள். அந்த 25 கிராமில் பயிருக்கு வேண்டிய சத்து கிடையாது. தொழு உரத்தை நிறுத்திவிடாதீர்கள்.

வரப்புத் தட்டைப்பயறுல அசுவினி அப்பியிருக்குது. புடுங்கிரலாங்களா? (பவானி)

வேண்டாம், பூச்சிகளைத் தின்று பயிரைக் காக்கும் பொறிவண்டுக்கு அந்த அசுவினிதான் சோறு. செடியில் ஆரஞ்சுப் புள்ளியோடு, குட்டி முதலை மாதிரி ஊர்கிற கறுப்புப் புழு பொறிவண்டின் குஞ்சு. அதை நசுக்கிவிடாதீர்கள்.