ஃபிளாட் மாறப் போகிறீர்களா? – கேள்வி பதில்

வந்திருக்கும் கேள்விகளில் பெரும்பாலானவை பொருட்களைக் கட்டுவது பற்றித்தான். ஆனால் மாற்றும் நாளில் நேரத்தை விழுங்குவது லிஃப்ட், மாடிப்படித் திருப்பம், வாசல் கதவு ஆகிய மூன்றும்தான். அதனால் புது ஃபிளாட்டை முதலில் அளந்துவிட்டு அங்கிருந்து பின்னோக்கித் திட்டமிடுங்கள் என்றுதான் எல்லோருக்கும் சொல்வேன். கீழே உள்ள பதில்களும் அந்த வரிசையிலேயே போகின்றன.

கேள்வி: மாதக் கடைசியில் ஏழாவது மாடிக்குக் குடிபோகிறோம். எங்கிருந்து ஆரம்பிப்பது, சார்?

அளவு டேப்பை எடுத்துக்கொண்டு புது வீட்டுக்கு ஒருமுறை போய் வாருங்கள். லிஃப்ட் கதவின் அகலம், உயரம், உள்ளே ஆழம், மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். வாசலில் நிலையின் அகலத்தை அளந்தால் போதாது. கதவைத் திறந்து வைத்தாலும் அதன் கனம் வழியில் 3 அல்லது 4 செ.மீ. பிடித்துக்கொள்ளும். மிச்சமிருக்கும் இடைவெளிதான் உங்கள் அளவு. இழுபறியாக இருந்தால் கீல் ஊசியைத் தட்டி எடுத்துக் கதவைக் கழற்றிவிடலாம்.

அடுத்து அசோசியேஷன். எந்த நேரத்தில் சாமான் ஏற்ற இறக்க அனுமதி, லிஃப்ட்டை ஒதுக்கித் தருவார்களா, வண்டி எங்கே நிற்கலாம், நுழைவாயில் உயரத்துக்குள் வண்டி வருமா என்று கேளுங்கள். காலி செய்கிற கட்டடத்திலும் இதையே கேட்க வேண்டும். பலர் இதை விட்டுவிடுகிறார்கள். இரண்டு இடத்திலும் லிஃப்ட் கிடைக்கும் நேரம் உறுதியான பிறகுதான் வண்டிக்குத் தேதி சொல்லுங்கள். மாதக் கடைசியில் எல்லோரும் மாறுவார்கள் என்பதால் லிஃப்ட் நேரத்துக்குப் போட்டி இருக்கும். முடிந்தால் மாத நடுவில் ஒரு வார நாளைப் பிடியுங்கள்.

கேள்வி: சோபா நீளம் 210, ஆழம் 95, உயரம் 82 செ.மீ. வாசல் இடைவெளி 78தான். விற்றுவிட வேண்டியதுதானா?

அவசரப்பட வேண்டாம். முதலில் கால்களைப் பாருங்கள். பெரும்பாலான சோபாக்களில் அவை திருகிக் கழற்றும் கால்கள். 10 செ.மீ. கால் என்றால் உயரம் 72 ஆகிவிடும். சாய்மானப் பக்கம் தரையில் படும்படி சோபாவை மல்லாக்கப் படுக்க வைத்து நீளவாக்கில் தள்ளினால் 78-க்குள் போய்விடும்.

வாசலைத் தாண்டியதும் எதிரே சுவர் இருந்தால்தான் சிக்கல். அங்கே சோபாவை நெட்டுக்குத்தாக நிறுத்தித் திருப்ப வேண்டியிருக்கும். 210 நீளச் சோபாவை நிமிர்த்தும்போது அதன் மூலை 210-ஐத் தாண்டி எழும். 72 செ.மீ. பக்கம் மேல்கீழாக இருக்கும்படி பிடித்து நிமிர்த்தினால் கூரை 222 செ.மீ.க்கு மேல் இருக்க வேண்டும், 95 பக்கமாக இருந்தால் 231. தொங்கும் விளக்கையும் மின்விசிறியையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அவரே மீண்டும்: லிஃப்ட்டுக்குள் நிற்க வைத்துக் கொண்டுபோகலாமா?

லிஃப்ட் கதவின் உயரமும் உள்ளே உயரமும் 210-ஐத் தாண்டினால் சுலபம்.  கதவு உயரம் 200தான் என்றால் சாய்த்து நுழைக்க முடியுமா என்று பாருங்கள், முடியாவிட்டால் மாடிப்படிதான் வழி. படி திரும்பும் இடத்தின் அகலத்தையும் அளந்துவிடுங்கள். ஏழு மாடி தூக்குவதற்குக் கூடுதல் ஆள் தேவைப்படும் என்று வண்டிக்காரரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள்.

கேள்வி: அட்டைப்பெட்டியின் அடி பிய்ந்துவிடுகிறது. டேப் சரியில்லையா?

எடைதான் அதிகம். 40 × 30 × 30 செ.மீ. பெட்டியைப் புத்தகத்தால் முழுக்க நிரப்பினால் 20 கிலோவைத் தாண்டும். 15 கிலோவோடு நிறுத்திவிட்டு மேலே துணியை வைத்து நிரப்புங்கள். பெரிய பெட்டி தலையணை, போர்வை மாதிரி கனமில்லாதவற்றுக்கு மட்டும். நடு இணைப்பின் மேல் டேப்பை இரண்டு வரிசை ஒட்டி, இரண்டு ஓரங்களிலும் குறுக்கே ஒவ்வொரு வரிசை ஒட்டுங்கள். பெட்டிக்குள் காலி இடம் விடாதீர்கள். மேலே அடுக்கும் பெட்டி அதை அமுக்கி, பக்கங்கள் பிதுங்கிவிடும்.

தட்டுகளைப் படுக்க வைத்து அடுக்காமல் விளிம்பில் நிறுத்தி வையுங்கள். படுக்க வைத்தால் வண்டி குலுங்கும்போது மேலிருக்கும் எடை முழுவதும் அடித்தட்டின் நடுவில் இறங்கும். பெட்டியின் பெயரை மேல்மூடியில் எழுதாமல் பக்கவாட்டில் எழுதுங்கள். அடுக்கியபின் மூடி கண்ணுக்குத் தெரியாது.

கேள்வி: பிரிட்ஜைப் படுக்க வைத்துக் கொண்டுபோகலாம் என்கிறார் வண்டிக்காரர்.

நிறுத்தி வைத்துத்தான் கொண்டுபோக வேண்டும். படுக்க வைத்தால் கம்ப்ரசரில் உள்ள எண்ணெய் குழாய்களுக்குள் ஓடிவிடும். அந்த நிலையில் சுவிட்சைப் போட்டால் எண்ணெய் இல்லாமல் கம்ப்ரசர் சுழலும். வேறு வழியே இல்லாமல் படுக்க வைத்திருந்தால், இறக்கியபின் 24 மணி நேரம் நிமிர்த்தி வைத்துவிட்டு ஓடவிடுங்கள். நிமிர்ந்தே வந்திருந்தாலும் மூன்று நான்கு மணி நேரம் பொறுப்பது நல்லது. கிளம்புவதற்கு முந்தைய நாளே அணைத்துக் கதவைத் திறந்து வைத்தால் பனி உருகிவிடும். பின்பக்க நீர்த்தட்டையும் காலி செய்துவிடுங்கள்.

கேள்வி: முன்பக்கக் கதவு வாஷிங் மெஷின். ஏதோ போல்ட் போட வேண்டும் என்கிறார்களே?

ஆமாம், கட்டாயம். டிரம் ஸ்பிரிங்குகளில் தொங்குகிறது. பயணத்தில் அது ஆடி இடிக்காமல் பிடித்துக்கொள்வதற்காகப் பின்பக்கத்தில் போடும் நீள போல்ட்டுகள் அவை. மாடலைப் பொறுத்து மூன்று அல்லது நான்கு இருக்கும். மெஷின் புதிதாக வந்தபோது கழற்றியவை வீட்டில் எங்காவது கிடக்கும். தொலைந்திருந்தால் அதே மாடலுக்கு உரியதை வாங்குங்கள். புது வீட்டில் முதல்முறை ஓட்டுவதற்கு முன் மறக்காமல் கழற்றுங்கள். போல்ட்டோடு சுழலவிட்டால் மெஷின் இடத்தைவிட்டு நகரும், உள்ளேயும் சேதமாகும். கீழே உள்ள வடிகட்டியைத் திறந்து மிச்சத் தண்ணீரையும் வடித்துவிடுங்கள்.

கேள்வி: ஸ்பிளிட் ஏசியைக் கழற்றி மாட்டியபின் குளிர்ச்சி வருவதே இல்லை என்று பலர் சொல்கிறார்கள். ஏன்?

கழற்றும்போது கேஸை வெளியே விட்டிருப்பார்கள், அல்லது மாட்டும்போது குழாயில் இருந்த காற்றை எடுக்காமல் விட்டிருப்பார்கள். சரியான முறையைத் தெரிந்துகொண்டால் மெக்கானிக் வேலை செய்யும்போது பக்கத்தில் நின்று பார்க்கலாம்.

ஏசியைக் குளிர் மோடில் ஓடவிட வேண்டும். வெளி யூனிட்டின் பக்கவாட்டில் இரண்டு வால்வுகள் இருக்கும். தடித்த குழாயின் வால்வில் அழுத்தத்தைக் காட்டும் கேஜை மாட்டிவிட்டு, மெல்லிய குழாயின் வால்வை முதலில் ஆலன் கீயால் மூடுவார். கம்ப்ரசர் கேஸை இழுத்து வெளி யூனிட்டுக்குள்ளேயே சேர்க்கும். கேஜின் முள் இறங்கிக்கொண்டே வரும். முள் பூஜ்யத்தை நெருங்கும்போது தடித்த குழாயின் வால்வையும் மூடி, உடனே ஏசியை அணைக்க வேண்டும். பூஜ்யத்துக்குக் கீழே இழுக்கவிட்டால் தளர்ந்த இணைப்பு வழியாகக் காற்று உள்ளே போகும். காற்றும் எண்ணெயும் கேஸும் கலந்து அழுத்தப்பட்டால் கம்ப்ரசர் வெடிக்கும் ஆபத்து உண்டு. அதனால் நீங்களே முயல வேண்டாம்.

இந்த வேலைக்கு மின்சாரம் வேண்டும். இணைப்பைத் துண்டித்த பிறகு மெக்கானிக்கைக் கூப்பிட்டுப் பயனில்லை. வண்டி வருவதற்கு முந்தைய நாளே ஏசியை முடித்துவிடுங்கள்.

புது இடத்தில் குழாய் முனையைப் புதிதாக வெட்டி விரிக்க வேண்டும். பிறகு குழாயில் இருக்கும் காற்றை உறிஞ்சும் வேக்குவம் பம்ப் போட்டு, பம்ப்பை நிறுத்தியபின் முள் ஏறாமல் நிற்கிறதா என்று சில நிமிடம் பார்க்க வேண்டும். ஏறினால் எங்கோ கசிவு, அல்லது ஈரம். கொஞ்சம் கேஸை விட்டுக் காற்றைத் தள்ளிவிடுகிறேன் என்றால் ஒப்புக்கொள்ளாதீர்கள். இப்போது பரவலாக இருக்கும் ஆர்32 கேஸ் எரியக்கூடியது. ஈரமும் குழாயிலேயே தங்கிவிடும்.

கேள்வி: பலகை பீரோவைக் கழற்றாமல் அப்படியே தூக்கலாமா, அண்ணா?

மரத்தூள் பலகை என்றால் கூடாது. பக்கவாட்டில் இழுத்தாலே மூட்டுகளில் திருகு பிடித்திருக்கும் இடம் பொடிந்துவிடும். முதலில் கதவுகளைக் கழற்றுங்கள், பிறகு பின்பலகை, கடைசியாகச் சட்டம். கழற்றுவதற்கு முன் ஒவ்வொரு மூட்டையும் போட்டோ எடுங்கள். பலகைகளை இணைத்திருக்கும் வட்டப் பூட்டுகளை அரைச் சுற்று திருப்பினால் விட்டுவிடும், நெம்பாதீர்கள். திருகுகளைச் சிறு பையில் போட்டு அந்தந்தப் பலகையிலேயே டேப்பால் ஒட்டுங்கள். மாட்டும்போது துளை தளர்ந்திருந்தால் மரப்பசை தடவிய மெல்லிய மரக்குச்சியை உள்ளே செருகி, காய்ந்தபின் திருகுங்கள்.

கேள்வி: அட்வான்ஸ் முழுவதும் திரும்பக் கிடைக்க என்ன செய்யலாம்?

காலியான வீட்டைப் பகல் வெளிச்சத்தில் வீடியோ எடுங்கள். ஒவ்வொரு அறையிலும் நான்கு சுவர், தரை, சிங்க்கின் அடிப்பகுதி, ஜன்னல் தாழ்ப்பாள். மின் மீட்டரையும் தண்ணீர் மீட்டரையும் அவற்றின் எண் தெரியும்படி படம் பிடியுங்கள். சாவிகளை எண்ணிக் கொடுத்து, பெற்றுக்கொண்டதாக எழுத்தில் வாங்குங்கள். ஆணித்துளைகளில் பட்டி பூசலாம், ஆனால் பெயிண்ட் அடிப்பதற்கு முன் உரிமையாளரைக் கேளுங்கள். நிறம் கொஞ்சம் மாறினாலும் திட்டுத் திட்டாகத் தெரியும், துளையை விட அதுதான் தகராறாகும்.

புது வீட்டிலும் சாமான் நுழையும் முன் இதே வீடியோ. எல்லாக் குழாயையும் திறந்து பாருங்கள், போன் சார்ஜரை ஒவ்வொரு பிளக்கிலும் செருகிப் பாருங்கள். குறை இருந்தால் அன்றைக்கே உரிமையாளருக்கு எழுதி அனுப்பிவிடுங்கள்.

கேள்வி: வண்டியில் எதைக் கடைசியாக ஏற்றுவது?

முதலில் தேவைப்படுவதைக் கடைசியாக. கட்டில் பாகங்கள், கழற்ற மாட்டத் தேவையான ஸ்பானர்கள், மெத்தை, ஒரு பெட்டியில் விளக்கு, சோப்பு, துண்டு, எக்ஸ்டென்ஷன் ஒயர், கத்தி. கட்டிலை மட்டும் பொழுது சாய்வதற்குள் மாட்டிவிட்டால் மற்றதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். மருந்து, நகை, பத்திரங்களை உங்கள் கையிலேயே வைத்திருங்கள். கேஸ் சிலிண்டர், தின்னர், பெயிண்ட் ஆகியவற்றை மூடிய வண்டியில் ஏற்றக் கூடாது.

கேள்வி: 60 லிட்டர் மீன்தொட்டி. பாதித் தண்ணீரோடு தூக்கலாமா?

பாதி என்றால் தண்ணீரே 30 கிலோ. தூக்கும்போது கண்ணாடி லேசாக முறுக்கினாலும் ஒட்டுப் பசை விட்டுவிடும். தொட்டியை முழுக்கக் காலி செய்யுங்கள். மீன்களைப் பழைய தண்ணீரோடு மூடியுள்ள வாளியில் வையுங்கள். பில்டர் பஞ்சைக் குழாய்த் தண்ணீரில் கழுவாமல் அதே தொட்டித் தண்ணீரில் நனைத்தே எடுத்துப் போங்கள். மீன் கழிவில் வரும் அம்மோனியாவைக் குறைக்கும் பாக்டீரியா அதில்தான் இருக்கிறது, அது செத்துவிட்டால் புது இடத்தில் அம்மோனியா ஏறி மீன்கள் தாங்காது.