ஸ்கிப்பிங்: நூறு குதிக்க வந்தாச்சு, அடுத்து என்ன?

பாலக்காடு மாவட்டத்தில் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோவிந்தாபுரம், சித்தூர் பக்கமிருந்து வந்த கேள்விகள் இவை. தடுக்காமல் நூறு குதிக்கத் தெரிந்தவர்களுக்குத்தான் இந்தப் பதில்கள். அது இன்னும் வராதவர்கள் முதலில் அதைப் பழகிவிட்டு வாருங்கள்.

டீச்சர், டபுள் அண்டர் வரவே மாட்டேன் என்கிறது. எவ்வளவு உயரம் எம்பினாலும் இரண்டாவது சுற்று காலில் அடிக்கிறது. (வேலந்தாவளம்)

உயரத்தை விடு தம்பி, குறை மணிக்கட்டில் இருக்கிறது. ஒரு குதிப்புக்குள் கயிறு இரண்டு முறை காலுக்கு அடியில் போக வேண்டும். அதற்குப் பயந்து எல்லோரும் முழங்காலை மார்புக்கு இழுக்கிறார்கள், இல்லாவிட்டால் பாதத்தை முன்னால் நீட்டுகிறார்கள். நீட்டிய பாதத்தில் கயிறு மாட்டாமல் என்ன செய்யும்? உடம்பு நேராக இருக்கட்டும். வழக்கமான குதியைவிடச் சற்று உயரம் போதும், எழும்பிய இடத்திலேயே இறங்கு. முழங்கை விலாவை ஒட்டியும், கை இடுப்புக்குக் கொஞ்சம் முன்னாலும் இருக்கட்டும்.

முதலில் கயிறே வேண்டாம். ஒரு முறை குதித்து, தரையைத் தொடுவதற்குள் இரண்டு கையாலும் தொடையில் டப் டப் என்று இரண்டு தட்டு தட்டு. இது நிதானமாக வந்த பிறகு, இரண்டு கைப்பிடியையும் ஒரே கையில் பிடித்துக் கயிற்றைப் பக்கத்தில் சுழற்றிக்கொண்டே குதி. ஒரு குதிக்குக் கயிறு இரண்டு முறை தரையில் தட்டும் சத்தம் கேட்க வேண்டும். இரண்டு கையிலும் இதைப் பழகியபின் கயிற்றுக்குள் நுழை: மூன்று சாதா, ஒரு டபுள், மறுபடி மூன்று சாதா. டபுளை அடுத்தடுத்துப் போட அவசரப்படாதே. நடுவில் வரும் சாதாவை ஒவ்வொன்றாகக் குறைத்தால் அதுவே அங்கே கொண்டுபோய் விடும். வயர் கயிறு என்றால் நீளமான பேன்ட் போட்டுக்கொள், முட்டிக்குக் கீழே பட்டால் தடித்துவிடும்.

ஆடி மாதம் மொட்டை மாடியில் கயிறு நிற்கவே மாட்டேன் என்கிறது. வயர் கயிறு வாங்கியது தப்பா? (கோவிந்தாபுரம்)

தப்பில்லை அண்ணா, ஆனால் நம் பாலக்காட்டுக் கணவாய்க் காற்றுக்கு அது ஆகாது. மெல்லிய வயர் வேகத்துக்கு நல்லது. காற்றடிக்கிற இடத்தில் கனமான பிவிசி கயிறோ, மணி கோத்த கயிறோதான் வளையம் கலையாமல் சுற்றும். பக்கவாட்டுக் காற்று ரொம்பக் கெடுக்கும், அதனால் காற்றுக்கு நேராகவோ முதுகு காட்டியோ நில்லுங்கள். இல்லையென்றால் மாடியை விட்டு இறங்கி, ஆடியில் வீட்டுக்குக் கிழக்குப் பக்கம் குதியுங்கள். விருச்சிக மாதக் (நம் கார்த்திகை) காற்று கிழக்கிலிருந்து வரும், அப்போது மேற்குப் பக்கம்.

நீளத்தையும் பாருங்கள். கயிற்றின் நடுவில் ஒரு காலை வைத்து மேலே இழுத்தால், புதிதாகப் பழகுகிறவர்களுக்குக் கைப்பிடி அக்குள் வரை வரலாம். உங்களுக்கு அதைவிடக் கொஞ்சம் கீழே போதும். ஒரேயடியாக வெட்டாமல் அரை அரை அங்குலமாகக் குறையுங்கள்.

கையைக் குறுக்கே போட்டதும் கயிறு தலையில் விழுகிறது டீச்சர். (சித்தூர், கல்லூரி மாணவி)

கை மார்புக்கு ஏறிவிடுகிறது கண்ணு. குறுக்கே போடுவது வயிற்றுக்கு நேராக இருக்க வேண்டும். ஒவ்வொரு கையும் எதிர்ப்பக்க இடுப்பைத் தாண்டி வெளியே நீளட்டும், கைப்பிடி பக்கவாட்டில் பார்க்கட்டும். கயிறு தலையைத் தாண்டி முகத்துக்கு முன் இறங்கும்போது குறுக்கே போடு. காலுக்கு அடியில் போய்ப் பின்னால் மேலேறும்போது பிரி. கை குறுக்கே போனபிறகும் மணிக்கட்டு சுழன்றுகொண்டே இருக்க வேண்டும், பாதிப் பேர் அங்கேதான் நிறுத்திவிடுகிறார்கள். டபுளுக்காகக் குறைத்த கயிறு இதற்குப் போதாமல் போகலாம்.

பத்து நிமிடக் கயிறு அரை மணி ஓட்டத்துக்குச் சமம் என்கிறார்களே? (கொழிஞ்சாம்பாறை)

கலோரிக் கணக்கில் இல்லை. நிமிடத்துக்கு 100 முதல் 120 வரை குதித்தால் சுமார் 11.8 மெட், அதாவது சும்மா உட்கார்ந்திருக்கும்போது செலவாகும் சக்தியைப் போல் 11.8 மடங்கு. 70 கிலோ ஆளுக்குப் பத்து நிமிடத்தில் 138 கலோரி அளவுக்கு வரும். மணிக்குப் பத்து கிலோமீட்டர் அளவில் அரை மணி ஓடினால் 340-ஐத் தொடும். ஆனால் இந்த வேகத்தில் பத்து நிமிடம் நிறுத்தாமல் குதிப்பவர் எத்தனை பேர்?

முழங்காலுக்குக் கீழே முன்பக்க எலும்பு வலிக்கிறது. (வாளையார்)

சில நாள் நிறுத்துங்கள். பிறகு பாதி நேரத்தில் தொடங்கி, பாக்சர் ஸ்டெப் போடுங்கள்: எடையை ஒரு காலிலிருந்து மறுகாலுக்கு மாற்றிக்கொண்டே குதிப்பது. வெறும் சிமென்ட் தரை வேண்டாம், மெல்லிய பாய் விரித்து ஷூ போடுங்கள். விரலால் அழுத்தினால் ஒரே புள்ளியில் சுள்ளென்று வலித்தால் டாக்டரிடம் காட்டிவிட்டுத்தான் கயிற்றைத் தொட வேண்டும்.

கேட்கவே கூச்சமாக இருக்கிறது அக்கா. இரண்டு பிள்ளை பெற்றவள், டபுள் போட்டால் சிறுநீர் கசிகிறது. (ஊர் வேண்டாமே)

கூச்சப்பட ஒன்றுமில்லை தங்கச்சி, பிள்ளை பெற்றவர்களில் நிறையப் பேருக்கு உண்டு. இடுப்படித் தசை தளர்ந்திருப்பதால் வருவது. டபுளை இப்போதைக்கு விட்டுவிட்டு, கசிவு இல்லாத அளவுக்குத் தாழ்வாகக் குதியுங்கள். சிறுநீரை அடக்குவதுபோல அந்தத் தசையை இறுக்கித் தளர்த்தும் பயிற்சி உதவும், ஆனால் சரியாகச் செய்கிறோமா என்று பிசியோதெரபிஸ்டிடம் ஒருமுறை காட்டிக்கொள்ளுங்கள். உள்ளாடைக்குள் துணி வைத்துச் சமாளிப்பதோடு விட்டுவிடாதீர்கள்.

பையன் போட்டிக்குப் போகிறான். 30 விநாடி வேகக் குதியில் எப்படி எண்ணுவார்கள்? (மீனாட்சிபுரம்)

கால் மாற்றி மாற்றி ஓடுவதுபோல் குதிக்க வேண்டும், வலது காலை மட்டும்தான் எண்ணுவார்கள். வீட்டில் இரண்டு காலையும் எண்ணி 120 என்று சொல்கிறான் என்றால், அங்கே அது 60. இப்போதே சொல்லி வையுங்கள், அங்கே போய் அழ வேண்டாம்.