கம்பிவலைக்குப் பின்னால் புலி, அஞ்சடியில் கறுப்பன்

மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்பூட்டிலிருந்து உள்ளே தள்ளியிருக்கும் ஒரு செம்பனைத் தோட்டத்தில், ஆபீசில் வேலை செய்யும் வாசகி ஒருவர் எழுதியிருக்கிறார். செகண்ட் ஹேண்ட் கேமரா ஒன்று வாங்கியிருக்கிறார். கூடவே 18-55, 55-250 மில்லிமீட்டர் என்று இரண்டு லென்ஸ். பள்ளி விடுமுறையில் பிள்ளைகளோடு தைப்பிங் மிருகக்காட்சிசாலைக்குப் போய் நிறைய எடுத்தாராம். “கம்பி பளிச்சென்று விழுந்திருக்கிறது, புலிதான் மங்கல்” என்கிறார். வீட்டில் வேறு சிக்கல். அப்பா வளர்க்கும் நாயின் பெயர் கறுப்பன், நிறமும் அதுதான். எப்படி எடுத்தாலும் கண் எது, மூக்கு எது என்று தெரியாமல் கரிக்கட்டை மாதிரி வருகிறது. கேமராவைத் தூக்கினாலே முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விடுகிறது. ரப்பர் காலத்தில் பால் எடுக்க மரம் வெட்டி ஓய்ந்த அப்பாவுக்கு, அவரும் கறுப்பனும் இருக்கும் ஓர் ஆல்பம் செய்து கொடுக்க ஆசை. “பெரிய லென்ஸ் வாங்கினால் சரியாகுமா?” என்பது கடைசிக் கேள்வி.

லென்ஸைப் பிறகு பார்ப்போம். முதலில் நாய். மிருகக்காட்சிசாலைக்கு வருடத்தில் இரண்டு முறை போவீர்கள், கறுப்பன் தினமும் வாசலில் கிடக்கிறான். அவனிடம் கை பழகினால் தைப்பிங்கில் பாதி வேலை முடிந்த மாதிரி.

கறுப்பு ஏன் கரிக்கட்டையாகிறது? கேமராவுக்கு நாய் என்றும் சுவர் என்றும் தெரியாது. கண்ணில் படுவதையெல்லாம் சராசரியாக ஒரு நடுத்தரச் சாம்பல் நிறத்துக்குக் கொண்டுவர அது முயற்சி செய்யும். கறுப்பன் படம் முழுவதையும் அடைத்துக்கொண்டு நின்றால், ‘இங்கே இருட்டு’ என்று நினைத்து வெளிச்சத்தை ஏற்றிவிடும். நாய் வெளிறிப்போன சாம்பலாக வரும். அதே நாய் வெள்ளைச் சுண்ணாம்புச் சுவருக்கு முன்னால் சின்னதாக உட்கார்ந்திருந்தால், சுவரைப் பார்த்து வெளிச்சத்தைக் குறைத்துவிடும். நாய் ஒரே இருட்டாகிவிடும். உங்களுக்கு நடப்பது இந்த இரண்டாவது. லயத்து வீட்டுச் சுவரும் வெயில் அடிக்கும் வெட்டவெளியும் பின்னால் இருப்பதால் வரும் வினை.

கேமராவில் கூட்டல், கழித்தல் குறி போட்ட ஒரு பட்டன் இருக்கும், அதைத் தேடிப் பிடியுங்கள். பின்னால் வெளுப்பு என்றால் கூட்டல் பக்கம் ஒன்று வரை தள்ளுங்கள். நாயே படத்தை நிறைத்தால் கழித்தல் பக்கம் அரையிலிருந்து ஒன்று வரை. போனில் எடுத்தாலும் இதே கணக்குதான்: திரையில் நாயின் முகத்தைத் தொட்டுவிட்டு, பக்கத்தில் தோன்றும் சூரியக் குறியை மேலும் கீழும் இழுத்தால் வெளிச்சம் மாறும்.

ஆனால் பட்டனை விட இடம் முக்கியம். உங்கள் வீட்டு அஞ்சடியே, அதாவது கூரை போட்ட முன்தாழ்வாரமே, எனக்குத் தெரிந்த நல்ல ஸ்டூடியோ. காலையில் கூரை நிழல் விழும் கோட்டுக்கு ஓரடி உள்ளே கறுப்பனை உட்காரச் சொல்லுங்கள், முகம் முற்றத்தைப் பார்த்து இருக்கட்டும். நீங்கள் முற்றத்தில் இறங்கி உட்காருங்கள். நேர் வெயில் அவன்மேல் படாது. முற்றத்துச் சிமெண்டுத் தரையில் பட்ட வெளிச்சம் கீழிருந்து எழும்பி தாடையையும் கண்ணையும் தூக்கிக் கொடுக்கும். பின்னால் வீட்டுக்குள் மங்கலான இருட்டு. கறுப்பு நாயை இருட்டுக்கு முன் வைப்பதா என்று தோன்றும். செய்து பாருங்கள். முதுகு ரோமத்தின் ஓரத்தில் வெள்ளிக் கோடு மாதிரி ஒரு பளபளப்பு ஓடும், அந்தக் கோடுதான் உடம்புக்கு உருவம் தருகிறது. கண்ணுக்குள் முற்றத்து வானம் ஒரு சின்ன வெள்ளைப் புள்ளியாகத் தெரியும். அந்தப் புள்ளி விழுந்தால்தான் கறுப்பு முகத்தில் கண் உயிரோடு இருக்கும். அது வரும்வரை இடத்தை மாற்றி மாற்றிப் பாருங்கள். ஃபோகஸும் அதன்மேலேயே வையுங்கள். வெறும் கறுப்பு ரோமத்தில் வைத்தால் பிடித்துக்கொள்ள ஒன்றும் இல்லாமல் லென்ஸ் முன்னும் பின்னும் தடவிக்கொண்டே இருக்கும்.

நேரத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். நம் கடிகாரப்படி சூரியன் உச்சிக்கு வருவது 12 மணிக்கு அல்ல, 1.15 வாக்கில். அதனால் காலை வெளிச்சம் 9.30 மணி வரை நன்றாகத் தாங்கும், மாலையில் 5.30-க்குப் பிறகு மறுபடியும் கிடைக்கும். நடுவில் எடுத்தால் எந்த மிருகமானாலும் கண் இருக்கும் இடத்தில் குழிதான் விழும்.

சரி, முகத்தைத் திருப்பிக்கொள்வது. உங்களைப் பிடிக்காமல் அவன் திருப்புவதில்லை. நாய்களுக்குள் ஒன்றை ஒன்று கண் இமைக்காமல் உற்றுப் பார்ப்பது மிரட்டல். லென்ஸ் என்பது அவன் பக்கத்திலிருந்து பார்த்தால் பெரிய, இமைக்காத ஒற்றைக் கண். அவன் தலையைத் திருப்பினாலோ, தூக்கமில்லாத நேரத்தில் கொட்டாவி விட்டாலோ, சாப்பாடு எதுவும் இல்லாமலே உதட்டை நக்கினாலோ, கண்ணின் வெள்ளை பிறைபோலத் தெரிந்தாலோ, ‘போதும், விடு’ என்கிறான் என்று அர்த்தம். அப்போது விட்டுவிடுங்கள். இரண்டு மூன்று நாள் கேமராவைச் சும்மா தரையில் வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்காருங்கள். வந்து மோந்து பார்க்கட்டும். ஷட்டர் சத்தம் கேட்கும்போதெல்லாம் ஒரு துண்டு பிஸ்கட். அதன்பின் சத்தம் கேட்டால் அவனே வருவான். வந்து லென்ஸை நக்குவான். நாலைந்து நிமிடத்துக்கு மேல் எந்த நாளும் நீட்டாதீர்கள்.

நிற்காதீர்கள், உட்காருங்கள், முடிந்தால் படுங்கள். நின்றபடி எடுத்தால் முதுகும் மண்ணும்தான் வரும். அவன் கண் உயரத்துக்கு நாம் இறங்கினால் பின்னால் செம்பனை வரிசை தெரியும், அப்பாவின் மோட்டார் தெரியும், அவன் தினமும் பார்க்கும் தோட்டம் படத்துக்குள் வந்துவிடும்.

ஃபிளாஷ் வேண்டவே வேண்டாம். நாயின் விழித்திரைக்குப் பின்னால் கண்ணாடி மாதிரி ஒரு படலம் உண்டு. இருட்டில் கிடைக்கும் கொஞ்ச வெளிச்சத்தையும் திருப்பி அனுப்பி இரண்டாவது முறை பயன்படுத்திக்கொள்ள. ஃபிளாஷ் அதில் பட்டுத் திரும்புவதால்தான் கண் பச்சையாக எரிகிறது. எனக்குப் பன்னிரண்டு வயதிருக்கும்போது, மாமாவின் கேமராவை எடுத்து, ராத்திரி கட்டிலுக்குக் கீழே படுத்திருந்த எங்கள் மணியின் முகத்துக்கு நேரே ஃபிளாஷ் அடித்தேன். படம் கெட்டது பெரிதல்ல. அதற்குப் பிறகு என் கையில் கறுப்பாக எதைப் பார்த்தாலும் மணி ஒதுங்கிப் போனான். அவன் முகம் தெளிவாக இருக்கும் ஒரு படம்கூட எங்கள் வீட்டில் கிடையாது. அதனால்தான் கண்டிப்பாகச் சொல்கிறேன்.

ஆல்பத்துக்கு வெறும் முகப் படம் மட்டும் போதாது. அப்பா வெளியே போய்த் திரும்பும் நேரத்தில் வாசலில் தயாராக இருங்கள். நமக்குக் கேட்பதற்கு முன்பே கறுப்பனுக்கு அந்த மோட்டார் சத்தம் கேட்டுவிடும். காது நிமிரும், முன்னங்கால் ஒன்று தரையை விட்டு எழும். எடுங்கள். ஓடத் தொடங்கிவிட்டால் ஷட்டர் வேகம் 1/1000 நொடி வேண்டும், உட்கார்ந்திருந்தால் 1/250 போதும். அப்புறம் அப்பாவின் கை. விடியலில் எழுந்து வெட்டிக்கத்தி பிடித்த கை, மங்கு மங்காகப் பால் எடுத்த கை, இப்போது நாயின் காதுக்குப் பின்னால் சொறிந்துகொண்டிருக்கும். 55-250 லென்ஸில் தள்ளி உட்கார்ந்து அந்தக் கையையும் கறுப்பு ரோமத்தையும் மட்டும் எடுங்கள். அப்பாவை கேமராவைப் பார்க்கச் சொல்லாதீர்கள். சொன்னால் அவர் சட்டை மாற்றிக்கொண்டு வந்து பாஸ்போர்ட் படத்துக்கு நிற்பதுபோல் நிற்பார், நாயும் எழுந்து போய்விடும்.

இப்போது தைப்பிங். 1961-இல் திறந்த பழைய மிருகக்காட்சிசாலை, மரங்கள் அடர்ந்தது. எல்லா இடத்திலும் கம்பிவலை கிடையாது. அகழியும் தாழ்ந்த சுவரும் மட்டும் உள்ள இடங்களில் முதலில் பழகுங்கள். வலை இருக்கும் இடத்தில் கேமரா தனக்குப் பக்கத்தில் இருப்பதைத்தான் முதலில் பிடிக்கும், அதாவது கம்பியை. அதனால் ஃபோகஸ் புள்ளிகளில் நடுப்புள்ளி ஒன்றை மட்டும் விட்டுவிட்டு மற்றதை அணைத்துவிடுங்கள். அந்த ஒரு புள்ளியை வலையின் ஓட்டை வழியாகப் புலியின் கண்ணில் வையுங்கள்.

அடுத்து, கம்பியையே மறைய வைக்கும் வழி. லென்ஸை 250 வரை நீட்டுங்கள், லென்ஸுக்குள் வெளிச்சம் நுழையும் துவாரத்தை, அதாவது அப்பெர்ச்சரை, முழுதாகத் திறந்து வையுங்கள். உங்கள் லென்ஸுக்கு அது எஃப் 5.6. தடுப்புக் கம்பிக்கு வெளியே நின்றபடியே வலைக்கு எவ்வளவு பக்கத்தில் போக முடியுமோ அவ்வளவு போங்கள். மிருகம் வலையை ஒட்டி நடக்கும்போது எடுக்காதீர்கள், உள்ளே தள்ளிப் போகும்வரை காத்திருங்கள். கம்பி லென்ஸுக்கு அருகில், மிருகம் தொலைவில் என்று ஆனால், கம்பி அவ்வளவு கலங்கி, மெல்லிய புகைபோலப் படமெங்கும் பரவிக் காணாமல் போகும். தடுப்பைத் தாண்டிக் கையை நீட்டுவது மட்டும் கூடவே கூடாது, எவ்வளவு நல்ல படமானாலும்.

இதையெல்லாம் செய்தும் படம் வெளுத்து வருகிறதா? வெயில் படும் கம்பிதான் காரணம். கலங்கிப் பரவும்போது அது தன் வெளுப்பையும் பரப்பிவிடும். நிழலில் இருக்கும் கம்பி, துருப்பிடித்த கம்பி, கறுப்புப் பெயின்ட் அடித்த கம்பி இவை எளிதில் மறையும். புதிதாக மின்னும் கம்பி மறையாது. தீபகற்பத்திலேயே அதிகம் மழை பெய்யும் ஊர் தைப்பிங். குடை இல்லாமல் போகமாட்டீர்கள். அந்தக் குடையைப் பிள்ளையிடம் கொடுத்து, லென்ஸுக்கு முன்னால் இருக்கும் வலைத் துண்டின்மேல் நிழல் விழும்படி பிடிக்கச் சொல்லுங்கள். கேமராத் திரையைப் பார்த்துக்கொண்டே செய்தால், வெள்ளைப் புகை விலகிப் புலியின் வரி கறுப்பாக எழும்புவதை நீங்களே காண்பீர்கள். போனுக்கு இந்த வித்தை பலிக்காது. அதன் லென்ஸ் மிகச் சின்னது, கம்பி கலங்காது. ஓட்டை ஒன்றுக்கு நேராக வைத்து எடுப்பதுதான் வழி.

கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும் மிருகம் என்றால் லென்ஸின் முன்னால் மாட்டும் ரப்பர் வளையத்தை (ஹூட்) கண்ணாடியோடு ஒட்டி வையுங்கள், கண்ணாடியில் உங்கள் பிம்பம் விழாமலிருக்க அடர்நிறச் சட்டை போட்டுக்கொண்டு போங்கள்.

250-இல் நீட்டிப் பிடிக்கும்போது ஷட்டர் 1/400-க்குக் கீழே போக வேண்டாம். மர நிழலில் அதற்கு ஐஎஸ்ஓ (கேமரா வெளிச்சத்தை உணரும் அளவு) 1600, 3200 கூடத் தேவைப்படலாம், ஏற்றுங்கள், பயப்படாதீர்கள். புள்ளி புள்ளியாகத் தெரிவதை 4ஆர் (4x6 அங்குலத் தாள்) அளவில் யாரும் பார்க்கப் போவதில்லை, ஆடிய படத்தை எல்லாரும் பார்ப்பார்கள். இன்னொன்று, அடர்ந்த மரத்தடியில் வெளிச்சமே பச்சையாக இருக்கும். புலியின் செம்மஞ்சள் நோய்பட்டதுபோல் தெரியும். நிறத்தைச் சரிசெய்யும் ஒயிட் பேலன்ஸை மேகக் குறிக்கு மாற்றுங்கள், சூடு திரும்பிவிடும்.

கறுப்பனிடம் கற்றதைச் சோதித்துப் பார்க்கத் தாப்பிரை விட நல்ல மிருகம் இல்லை. முன்னும் பின்னும் கறுப்பு, நடுவில் வெள்ளைத் துணி சுற்றிய மாதிரி. வெயிலில் எடுத்தால் வெள்ளை வெந்துபோகும் அல்லது கறுப்பு குழியாகும், இரண்டையும் ஒன்றாகக் காப்பாற்ற முடியாது. மேகம் மூடிய நேரத்தில், மழை விட்டு ஐந்து நிமிடத்தில் எடுங்கள். கழித்தல் பக்கம் கொஞ்சம் தள்ளி வெள்ளையைக் காப்பாற்றிக்கொள்ளுங்கள். கறுப்பைப் பிறகு போனிலேயே தூக்கிக்கொள்ளலாம், வெந்த வெள்ளையைத் திரும்பக் கொண்டுவர முடியாது. பகலில் அது படுத்தேதான் கிடக்கும், ராத்திரி நடமாடும் மிருகம். காதை அசைக்கும், அந்த நீண்ட மூக்கைத் தூக்கிக் காற்றைப் பார்க்கும். ஒரே இடத்தில் அரை மணி நேரம் நிற்கத் தயாராக இருந்தால் கிடைக்கும். பிள்ளைகளை ஓடவிட்டுப் பத்து மிருகம் பார்ப்பதை விட, திறந்தவுடன் உள்ளே போய் இரண்டு இடத்தில் நிலையாக நிற்பதைத்தான் நான் எப்போதும் சொல்வேன். நம் நாட்டுச் சின்னத்தில் இருக்கும் மலாயாப் புலி காட்டில் 150-க்கும் குறைவு என்று தேசியக் கணக்கெடுப்பு சொல்லிவிட்டது. அதன் முன்னால் கொஞ்சம் நேரம் செலவழிக்கலாம்.

ராத்திரி சஃபாரிக்குப் போனால் கேமராவைப் பையிலேயே வைத்துவிட்டுக் கண்ணால் பாருங்கள். உங்கள் லென்ஸுக்கு அந்த வெளிச்சம் போதாது, ஃபிளாஷ் பற்றி மேலேயே சொல்லிவிட்டேன்.

காரில் ஏர்கோன் போட்டுக்கொண்டு கோலகங்சார் வழியாக வந்து, இறங்கியதும் கேமராவை எடுத்தால் லென்ஸ் முழுக்கப் பனி படரும். துடைக்காதீர்கள். வரும்போதே பையை மூடி, ஏர்கோன் படாத பின்பக்கத்தில் போட்டுவிடுங்கள், அந்தத் தொல்லையே இல்லை. வீட்டில் காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு வையுங்கள். நம் ஈரத்துக்கு லென்ஸுக்குள் பூஞ்சை பிடிக்கும்.

பெரிய லென்ஸ் வேண்டாம். மங்கலுக்கு லென்ஸ் காரணமே இல்லை, கம்பியில் விழுந்த ஃபோகஸ்தான் காரணம். அந்தக் காசில் ஆல்பத்தை நல்ல தாளில் போடுங்கள். ஒன்று மட்டும் கவனம்: போன் திரை தானே ஒளிர்வதால் கறுப்பன் அதில் நன்றாகத் தெரிவான், தாளில் இறங்கும்போது ஒரு படி இருட்டுவான். அவன் இருக்கும் படங்களுக்கு மட்டும் வெளிச்சத்தைக் கொஞ்சம் ஏற்றி, முதலில் ஒரே ஒரு 4ஆர் போட்டு வாங்குங்கள். அதைக் கடை விளக்கில் பார்க்காமல், வீட்டு அஞ்சடிக்குக் கொண்டுவந்து பகல் வெளிச்சத்தில் பாருங்கள். கண்ணில் அந்த வெள்ளைப் புள்ளி தெரிந்தால் மீதியையும் போடச் சொல்லலாம்.