கிரிக்கெட் மாதிரி பேஸ்பாலில் ஆல்ரவுண்டர்கள் உண்டா? ஒதானிதான் முதல் ஆளா?

உண்டு. ஆனால் முதல் ஆள் ஒதானி இல்லை. பந்தும் வீசி பேட்டிங்கும் செய்யும் அந்த ஜப்பான்காரர் பெரிய ஆட்டக்காரர்தான், ரசிகர்கள் சண்டைக்கு வர வேண்டாம். பந்து வீச்சிலும் பேட்டிங்கிலும் பேர் வாங்கிய பழைய அமெரிக்க நட்சத்திரம் பேப் ரூத்தை எப்படியும் யாராவது சொல்லிவிடுவார்கள். நான் சொல்வது அவருக்கும் முந்திய ஜான் மான்ட்காமரி வார்டை.

1879-இல் அமெரிக்காவின் பிராவிடன்ஸ் அணிக்குப் பந்து வீசி 47 ஆட்டங்களை ஜெயித்துக் கொடுத்தார். அடுத்த ஆண்டு ஜூன் 17 அன்று பஃபலோ அணியில் ஒருவரைக்கூட முதல் பேஸைத் (பேட்டர் முதலில் ஓடிச் சேர வேண்டிய இடம்) தொடவிடவில்லை. அப்போது வயது 20. அவர் ஆடிய நேஷனல் லீகில் அடுத்த ஆள் அப்படி வீச 1964 வரை ஆனது. "அப்போதெல்லாம் 45 அடியிலிருந்து, கையைத் தூக்காமல் வீசினார்கள்" என்று ஒருவர் கட்டாயம் வருவார். சரி, மற்ற பவுலர்களுக்கும் அதே 45 அடிதானே?

அப்புறம் வலது கை கெட்டுப்போனது. மனிதர் 1884-இல் இடது கையால் எறிந்துகொண்டு அவுட்ஃபீல்டில் நின்றார். பிறகு ஷார்ட்ஸ்டாப், அதாவது இரண்டாவது, மூன்றாவது பேஸ்களுக்கு நடுவே நிற்கும் ஃபீல்டர். 1887-இல் 111 பேஸ்களைத் திருடினார், அதாவது யாரும் பந்தை அடிக்காமலே அடுத்த பேஸுக்கு ஓடிச் சேர்ந்தார். அப்போது அவர் ஆடிய நியூயார்க் அணி 1888, 89 இரண்டிலும் சாம்பியன். பவுலராக 100 வெற்றிகள், பேட்டராக 2,000 ஹிட்டுகள் (அடித்துவிட்டு பேஸ் சேர்வது) இரண்டையும் தாண்டியவர் அவர் ஒருவரே. ரூத்தே 94 வெற்றியோடு நின்றுவிட்டார்.

இவரை எனக்குப் பிடிக்கக் காரணம் உண்டு. நானும் மாவட்ட லீகில் வேகப்பந்து வீசியவன்தான். ஒப்பிடவில்லை, அடிக்க வராதீர்கள். தோள்பட்டை போனதும் கீப்பிங் பழகினேன். ஓப்பனிங் இறங்க ஆள் வராத நாளில் பேடைக் கட்டிக்கொண்டு அதற்கும் போனேன். நாக்-அவுட் ஆட்டத்துக்கு அணி எடுக்கும்போது கேப்டன், "நீ பவுலரா, கீப்பரா, பேட்ஸ்மேனா?" என்றார். "எது வேணுமோ அது" என்றேன். பன்னிரண்டாவது ஆளாகப் போட்டுவிட்டார். கீப்பிங் செய்தவன் இரண்டு கேட்ச் விட்டான். தண்ணீர் பாட்டிலோடு பார்த்துக்கொண்டிருந்தேன்.

வார்ட் ஆட்டத்துக்கு நடுவே நியூயார்க்கின் கொலம்பியா கல்லூரியில் சட்டமும் படித்தார். முதலாளிகள் ஆட்டக்காரர்களை வேறு அணிக்குப் போகவிடாமல் பிடித்துவைத்திருந்ததை எதிர்த்து 1885-இல் சங்கம் கட்டினார், 1890-இல் தனி லீகே தொடங்கினார். அது ஒரே வருடத்தில் மூடியது வேறு கதை.

எங்கள் கிளப்பில் சங்கமாவது ஒன்றாவது. பன்னிரண்டாவது ஆளிடமும் முழுச் சந்தா வாங்குவார்கள், மேட்ச் அன்று சாப்பாட்டுப் பொட்டலம் மட்டும் பதினொன்றுதான் வரும். செயலாளரிடம் கேட்டால், "அம்பயர் சாப்பிடலைன்னா எடுத்துக்கோப்பா" என்பார். எந்த அம்பயர் சாப்பிடாமல் போயிருக்கிறார்?