வீட்டுப் பத்திரத்தை அடமானம் வைத்து இங்கிலாந்தில் எம்.எஸ்சி. படிக்கலாமா?

கேள்வி: வயது 25. மெக்கானிக்கல் முடித்து, கோவையில் பம்ப் கம்பெனி ஒன்றில் வேலை பார்க்கிறேன். கையில் வருவது 35,000 ரூபாய். இங்கிலாந்தில் ஓராண்டு எம்.எஸ்சி.க்கு இடம் கிடைத்திருக்கிறது; எல்லாம் சேர்த்து 30 லட்சம் ஆகும். நான்கு ஆண்டுக்கு முன் தன் மகன் போனதைச் சொல்லித் தாய்மாமா அவசரப்படுத்துகிறார். அப்பா ஈரோட்டு வீட்டை அடமானம் வைத்து 11% வட்டியில் கடன் வாங்கத் தயார். போகலாமா?

பதில்: தம்பி, பேங்க் 30 லட்சம் தர ஒத்துக்கொண்டது வீட்டைப் பார்த்து. கட்டப்போவது உங்கள் சம்பளம். அந்தச் சம்பளத்தை வைத்து உங்கள் வீட்டில் யாருமே கணக்குப் போடவில்லை என்பதுதான் எனக்குக் கவலை.

போட்டுப் பார்க்கலாம். படிக்கும் ஓராண்டும் அதற்கடுத்த ஓராண்டும் தவணை கிடையாது என்பார்கள். சரி, ஆனால் வட்டி ஓடிக்கொண்டேதான் இருக்கும். முழுத்தொகையையும் தொடக்கத்திலேயே எடுத்தால் இரண்டு ஆண்டுக்கு 6.6 லட்சம். ஆக, 36.6 லட்சத்துக்குப் பத்தாண்டுத் தவணை மாதம் சுமார் 50,000 ரூபாய். ஊர் திரும்பினால், இன்று கையில் நிற்கும் அதே 35,000 நிற்கவே 85,000 வாங்க வேண்டும். உங்கள் கம்பெனியில் அந்தச் சம்பளம் எத்தனை ஆண்டு அனுபவத்துக்குக் கிடைக்கிறது என்று விசாரியுங்கள்.

அங்கேயே வேலை கிடைத்துவிடும் என்பார் மாமா. படிப்பு முடிந்து தங்கி வேலை தேடும் விசா, 2027 ஜனவரி 1 முதல் விண்ணப்பிப்பவர்களுக்கு இரண்டு ஆண்டிலிருந்து 18 மாதமாகக் குறைகிறது. அதற்குள் வேலை விசாவுக்கு மாற, புதிதாகப் படித்து முடித்தவருக்கே பொதுவாக ஆண்டுக்குக் குறைந்தது 33,400 பவுண்டு சம்பளம் வேண்டும். மாமா மகன் போனபோது இந்த வரம்பு இவ்வளவு உயரத்தில் இல்லை.

அப்புறம், கல்விக் கடன் வட்டிக்கான வரிச்சலுகையைக் காட்டி ஆசை காட்டுவார்கள். அது பழைய வரி முறையில் இருப்பவர்களுக்கு மட்டும். கடனோடு ஒட்டி ஒரு இன்சூரன்ஸும் நீட்டுவார்கள். பிரீமியத்தைக் கடனில் ஏற்றினால் அதற்கும் 11% வட்டி கட்டுவீர்கள். தனியாக ஒரு டேர்ம் பாலிசி, அதாவது உயிருக்கு மட்டுமான காப்பீடு, போதும்.

இடத்தை ஓராண்டு தள்ளிவைக்க முடியுமா என்று பல்கலைக்கழகத்தில் கேளுங்கள். இடையில் எம்.டெக். சேர்க்கைக்கான கேட் நுழைவுத் தேர்வு எழுதுங்கள். ஐஐடியிலோ என்ஐடியிலோ எம்.டெக். கிடைத்தால் மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகையோடு படிக்கலாம். இல்லை, இங்கிலாந்துதான் என்றால், படிக்கும் காலத்து வட்டி மாதம் 27,500 ரூபாயை அப்பாவால் அவ்வப்போது கட்ட முடியுமா என்று கேளுங்கள். முடியாது என்றால் பத்திரம் பீரோவிலேயே இருக்கட்டும்.