வேம்பில் கிட்டார் கழுத்து – கடிதமும் பதிலும்

அன்புள்ள அண்ணா,

இசைக்கருவி மரங்களைப் பற்றி நீங்கள் எழுதுவதைத் தொடர்ந்து வாசிக்கிறேன். சொந்த ஊர் மூலனூர் பக்கம், வேலை திருப்பூரில் பனியன் கம்பெனியில். எலெக்ட்ரிக் கிட்டார் ஒன்றை நானே செய்து வருகிறேன். உடல் மலைவேம்பில் முடிந்துவிட்டது. கழுத்துதான் பாக்கி.

எங்கள் தோட்டத்தில் கிணற்றோரம் தாத்தா நட்ட வேப்பமரம் போன ஐப்பசி மழையில் சாய்ந்தது. அறுத்துப் பலகையாக வைத்திருக்கிறோம். கொறங்காட்டு, அதாவது மேய்ச்சல் நிலத்து, வெள்வேலாங்கட்டை ஒன்றும் இருக்கிறது. கோவையில் கிட்டார் பழுது பார்ப்பவர் ஒருவர், “கழுத்துன்னா மேப்பிள், இல்லீன்னா மகோகனிங்க. நாட்டு மரமெல்லாம் ஆறே மாசத்துல முறுக்கிக்கும்” என்றார். அப்பாவோ, “வண்டிப் பாரத்தையே தாங்குற வெள்வேலா, ஆறு கம்பியத் தாங்காதா?” என்கிறார். எந்த மரத்தை எடுக்க? வேம்பு போட்டால் ஓசை கெட்டுவிடுமா?

க., மூலனூர்

அன்புள்ள க.,

வேம்பில் செய்யலாம். உங்களிடம் இருக்கும் அந்தப் பலகையில் செய்யலாமா என்பதை நீங்கள்தான் சோதித்துப் பார்க்க வேண்டும். எப்படி என்று சொல்கிறேன்.

மேப்பிளும் மகோகனியும் கழுத்து மரங்களானதில் அந்த மரங்களின் குணத்துக்குப் பங்கு உண்டு. செய்தவர்களின் கைக்கு எது கிடைத்தது என்பதற்கும் அதே அளவு பங்கு உண்டு. லியோ ஃபெண்டர் 1950இல் கலிஃபோர்னியாவில் ஒரே மேப்பிள் கட்டையில் கழுத்தைச் செய்து விற்கத் தொடங்கினார். அது அவர் நாட்டு மரம். ஸ்பெயினில் கிட்டார் செய்தவர்கள் அமெரிக்கக் கண்டத்திலிருந்து கப்பலில் வந்த செட்ரேலா மரத்தை எடுத்தார்கள். அந்தச் செட்ரேலா, மகோகனி, நம் வேம்பு, மலைவேம்பு, சந்தன வேம்பு எல்லாமே மீலியேசி என்ற ஒரே தாவரக் குடும்பம். மகோகனியை ஏற்றுக்கொள்கிறவர் வேம்பைப் பார்க்காமலேயே தள்ளுவதை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

ஆனால் அந்தக் கோவைக்காரரின் பயத்துக்குக் காரணம் இருக்கிறது. வேம்பின் ரேகை பல மரங்களில் நேராக ஓடாது. ஒரு அடுக்கு வலப்பக்கம் சாய்ந்தால் அடுத்த அடுக்கு இடப்பக்கம் சாயும். இழைப்புளி ஓட்டினால் ஒரு பட்டை வழவழவென்று வரும், பக்கத்துப் பட்டை பிய்ந்து வரும். இப்படிப் பின்னிய ரேகை கதவு நிலைக்கு ஒன்றும் செய்யாது. கழுத்துக்கு ஆகாது. ஈரம் ஏறி இறங்கும்போது ஒவ்வொரு அடுக்கும் ஒவ்வொரு பக்கம் இழுக்கும், கழுத்து முறுக்கிக்கொள்ளும்.

ஆகவே முதல் வேலை, அதே மரத்தில் மிஞ்சிய ஒரு துண்டைக் கோடாலியால் பிளந்து பாருங்கள். ரம்பத்தால் அறுக்க வேண்டாம். ரம்பம் எந்த ரேகையையும் நேராக அறுத்துக் காட்டிவிடும், பிளவு ரேகையோடுதான் போகும். பிளந்த முகம் ஒரு முழ நீளத்துக்குத் தட்டையாக வந்தால் அந்த மரம் உங்களுக்கு ஆகும். விசிறி மாதிரி திரும்பியிருந்தால், தாத்தா நட்ட மரம் என்றாலும் அதை வேறு வேலைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது அப்பாவின் கேள்வி. வண்டிக்கு வெள்வேலாவும் கருவேலாவும் எடுத்த நம் ஆசாரிகளின் அறிவு பெரிய அறிவு. சக்கரத்தின் குடத்துக்கு ஒரு கட்டை, ஆரக்காலுக்கு ஒரு கட்டை, வட்டைக்கு ஒரு கட்டை என்று பார்த்துப் பார்த்துப் பொறுக்கினார்கள். ஆனால் வண்டி மரம் தாங்குவது அடியையும் குலுக்கலையும். கழுத்து தாங்குவது விடாத இழுப்பு. 648 மில்லிமீட்டர் நீளத்துக்கு 10-46 கம்பி (அங்குலத்தில் ஆயிரத்தில் 10 பங்கு முதல் 46 பங்கு வரை கனம்) போட்டு வழக்கமான சுதிக்கு முறுக்கினால் மொத்த இழுவை சுமார் 46 கிலோ. அது இரவும் பகலும், வருடக்கணக்கில், ஒரே திசையில் இருக்கும். கம்பி தட்டாமல் அதிர, கழுத்தின் முன்பக்கத்தில் நமக்கு வேண்டிய குழிவோ கால் மில்லிமீட்டர்தான். அரை மில்லிமீட்டர் கூடினால் விரல் வலிக்கும், குறைந்தால் கம்பி கரகரக்கும். வண்டியில் யாரும் கால் மில்லிமீட்டரைப் பார்ப்பதில்லை.

இன்னொன்று, எடை. உங்கள் கிட்டாரின் உடல் மலைவேம்பு, லேசான மரம். அதில் வெள்வேலாக் கழுத்தை மாட்டினால் தோளில் வாரோடு மாட்டிக்கொண்டு கையை எடுத்ததும் தலை தரையைப் பார்த்துச் சாயும். வாசிக்கும் நேரமெல்லாம் இடது கை கழுத்தைத் தூக்கிப் பிடித்திருக்க வேண்டும். அதோடு கொறங்காட்டில் மேய்ச்சலுக்கு நடுவே வளர்ந்த வெள்வேலாவில் கணுவில்லாத 70 சென்டிமீட்டர் நேர்க்கட்டை எளிதில் அமையாது. நல்ல துண்டு இருந்தால் அதை மெல்லிய பட்டையாக அறுத்து வைத்துக்கொள்ளுங்கள். அதற்கும் வேலை உண்டு.

பிளவுச் சோதனையில் வேம்பு தேறினால் என் யோசனை இது. ஒரே கட்டையாகப் போகாதீர்கள். வேம்பை மூன்று நீளப் பட்டைகளாக அறுத்து, நடுப்பட்டையை மட்டும் தலைகீழாகத் திருப்பி ஒட்டுங்கள். ஒன்றின் முறுக்கலை மற்றது பிடித்துக்கொள்ளும். பட்டைகளுக்கு நடுவே இரண்டு மூன்று மில்லிமீட்டர் கனத்தில் அந்த வெள்வேலாவை வைத்தால் விறைப்பும் கூடும், அப்பாவின் மரமும் கிட்டாரில் இருக்கும். பலகையின் முனையை இழைத்து ஈரத்துணியால் துடைத்தால் வளையக்கோடுகள் மங்கலாகத் தெரியும். விரல் பலகை (கம்பியை அழுத்தும் மேல்பலகை) ஒட்டும் முகத்துக்கு அவை செங்குத்தாக நிற்கிற மாதிரி பட்டைகளை அடுக்குங்கள். தலைப்பகுதியைப் பின்சாய்வாக வைப்பதானால் அதை ஒரே மரத்தில் செதுக்க வேண்டாம். சாய்வில் ரேகை குறுக்கே அறுபடும், கிட்டார் ஒரு தடவை விழுந்தால் அங்கேதான் முறியும். தனித் துண்டைச் சரிவாகச் சீவி ஒட்டுங்கள். நடுவில் கழுத்தின் வளைவைத் திருத்தும் இரும்புக் கம்பி, அதாவது டிரஸ் ராடு, கட்டாயம் வேண்டும். இரு பக்கமும் திருப்பக்கூடியதாக வாங்குங்கள். புது மரம் எந்தப் பக்கம் வளையும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது.

ஈரத்தைப் பற்றி அவசரப்படக் கூடாது. போன ஐப்பசியில் விழுந்த மரம் இன்னும் காயவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். முனைகளில் மெழுகு தடவி, நிழலில், பட்டைகளுக்கு இடையே காற்றுப் போகக் குச்சி வைத்து அடுக்குங்கள். மாதம் ஒருமுறை சமையலறைத் தராசில் எடை போட்டுப் பலகை மேலேயே எழுதி வையுங்கள். எடை இறங்குவது நின்றால் காய்ந்துவிட்டது. பிறகும் ஒரே நாளில் செதுக்கி முடிக்காதீர்கள். இரண்டு மில்லிமீட்டர் மிச்சம் விட்டுச் சீவி, சில வாரம் சுவரில் சாய்த்து வைத்தால் உள்ளே இருக்கும் இறுக்கம் வெளியே வரும். வளைந்தால் மறுபடி சீவலாம். ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று உங்கள் ஊரை அடையும்போது வறண்டுதான் வரும், ஐப்பசியில் எல்லாமே ஊறும். இந்த இரண்டையும் பார்த்துத் தாங்கிய மரத்தில் ஃப்ரெட், அதாவது சுரம் பிரிக்கும் உலோகக் கட்டை, அடித்தால் நிம்மதி.

வேம்பு தேறவில்லை என்றால் பழைய தேக்கைத் தேடுங்கள். பொள்ளாச்சி, உடுமலை பக்கம் தொட்டிக்கட்டு வீடுகளை இடிக்கும்போது வரும் உத்திரமும் சட்டமும் பழைய மரக்கடைகளில் கிடைக்கும். தேக்கின் விறைப்பு கிட்டத்தட்ட மேப்பிள் அளவே. பச்சையிலிருந்து முழுதாகக் காயும்போது மேப்பிள் வளையங்களின் போக்கில் சுமார் 10 சதவீதம் சுருங்கும், தேக்கு அதில் ஏறக்குறையப் பாதிதான். காந்தம் வைத்து ஆணி பார்த்து வாங்குங்கள். தேக்கில் எண்ணெய் உண்டு என்பதால், இழைத்த கையோடு அசிட்டோனால் துடைத்து உடனே பசை போட வேண்டும். வாகையும் நல்ல மரம்தான், ஆனால் அதன் தூள் மூக்கில் ஏறினால் தும்மல் நிற்காது, முகமூடி இல்லாமல் தொடாதீர்கள். தென்னையைப் பற்றிப் பலர் கேட்கிறார்கள். தென்னையில் வளையமே கிடையாது. வெளிப்பக்கம் இரும்பு மாதிரியும் உள்பக்கம் சோறு மாதிரியும் இருக்கும். கழுத்துக்கு நான் சொல்ல மாட்டேன்.

ஓசை கெடுமா என்றீர்கள். கெடாது. எலெக்ட்ரிக் கிட்டாரில் கழுத்து மரத்தின் பெயர் காதுக்குக் கேட்பதைவிட அதன் விறைப்புத்தான் கேட்கும். தளர்ந்த கழுத்து சில சுரங்களில் கம்பியின் அசைவைத் தானே வாங்கிக்கொள்ளும், அந்தச் சுரம் சட்டென்று செத்துப்போகும். பட்டைகளை ஒட்டும் முன் ஒவ்வொன்றையும் முனையிலிருந்து கால் பங்குக்குச் சற்றுக் குறைவான இடத்தில், 70 சென்டிமீட்டர் என்றால் ஏறக்குறைய 16 சென்டிமீட்டரில், இரண்டு விரலால் தொங்கவிட்டு நடுவில் தட்டிக் கேளுங்கள். கணீரென்று நீண்டால் வையுங்கள். ‘டொப்’ என்று நின்றால் உள்ளே வெடிப்போ ஈரமோ இருக்கிறது.

விரல் பலகைக்கு நாதஸ்வரம் செய்யும் ஆச்சா மரம் கிடைத்தால் விடாதீர்கள். நாதஸ்வரம் செய்யும் ஊரான நரசிங்கம்பேட்டையில் பழைய வீட்டு ஆச்சாவைத்தான் தேடி எடுக்கிறார்கள். கனமான மரம், விரல் பலகையின் ஆறு மில்லிமீட்டருக்கு அந்தக் கனம் தொந்தரவில்லை. ஈட்டி மரம் (ரோஸ்வுட்) வேண்டாம். கடையில் கேட்டால் எடுத்துத் தருவார்கள், எந்தக் காட்டிலிருந்து வந்தது என்று கேட்டால் பதில் வராது.

கழுத்தின் பின்பக்கத்துக்கு வார்னிஷ் பூசும்போது உடலுக்குள் செருகும் அடிப்பகுதியையும் தலையின் முனையையும் விட்டுவிடாமல் பூசுங்கள். ஈரம் அங்கேதான் முதலில் நுழையும்.

அன்புடன்